லாப்டாப் வாங்கப் போகிறீர்களா?



கிரைண்டர் வாங்குவதற்குக் கோயமுத்தூர்ப் பெண்களுக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கி வைத்திருக்கிற ஊராயிற்றே இது! கடைக்குள் நுழைந்ததுமே, "வீட்டில் நாலு பேரு, ரெண்டு லிட்டர் போதுமா? சாய்க்கிற மாதிரியா, தூக்கிக் கழுவுகிற மாதிரியா?" என்று நாமே கேள்விகளை அடுக்கிக் கடைக்காரரைத் திணற அடித்து விடுவோம். கல்லைத் தடவிப் பார்ப்போம். மோட்டாரை ஓட விட்டுச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்போம். அப்புறம்தான் விலை பேசுவோம்.

அதே நாம் லாப்டாப் கடைக்குள் நுழைந்தால் மட்டும் வாய் மூடி மௌனியாகி விடுகிறோம், கவனித்திருக்கிறீர்களா? பணம் நம்முடையதாக இருக்கும். ஏலச்சீட்டு எடுத்த பணமோ, வளையலை அடகு வைத்த பணமோ, தைத்துச் சேர்த்த பணமோ! பேச்சு மட்டும் மகனுடையது, மச்சினருடையது, கடைப் பையனுடையது. "விண்டோஸா, மேக்கா, குரோம்புக்கா, லினக்ஸா?" என்று அவர்கள் சண்டை போட்டுக் கொண்டிருப்பார்கள். நாம் பர்ஸைப் பிடித்துக் கொண்டு ஓரமாக நிற்போம்.

இந்த இதழில் அந்தச் சண்டையைக் கொஞ்சம் விலக்கி விட்டுப் பார்க்கலாம். பயப்படாதீர்கள். அடுப்படி தெரிந்தவளுக்கு இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

அடுப்பும் பாத்திரமும்

லாப்டாப்பை இயக்கினதும் திரையில் முதலில் வந்து நின்று, மற்ற எல்லா வேலைகளுக்கும் இடம் கொடுக்கிறதே, அதைத்தான் இயங்குதளம் என்கிறார்கள். கடையில் ஓ.எஸ். என்பார்கள். நாம் எழுதுவதும், கணக்குப் போடுவதும், படம் வரைவதும் அதன் மேல் ஏறி ஓடுகிற மென்பொருள்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பை நினைத்துக் கொள்ளுங்கள். அடுப்பு நல்ல அடுப்புதான். ஆனால் நம் பழைய அலுமினியச் சட்டியை அதன் மேல் வைத்தால் சூடே ஏறாது. அதற்கென்று அடி தட்டையான, காந்தம் ஒட்டுகிற பாத்திரம் வேண்டும். இயங்குதளம் அடுப்பு, மென்பொருள் பாத்திரம். எந்தப் பாத்திரத்தில் சமைக்கப் போகிறோம் என்று தெரியாமல் அடுப்பு வாங்கினால், இரண்டும் வீட்டில் இருக்கும், சோறு மட்டும் வேகாது.

ஆகவே சகோதரிகளே, "எது உசத்தி?" என்ற கேள்வியே தப்பான கேள்வி. "எங்கள் வீட்டில் யாருக்கு என்ன வேலை?" என்பதுதான் சரியான கேள்வி.

சீட்டுப் பணத்துக்கு வந்த சோதனை

உக்கடத்தில் எங்கள் தெருவிலேயே ஒரு சகோதரி இருக்கிறாள். வீட்டிலேயே ரவிக்கையும் சுடிதாரும் தைத்துக் கொடுக்கிறாள். வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை. மகள் இன்ஜினீயரிங் காலேஜில் மெக்கானிக்கல் பிரிவில் முதல் வருஷம். மகன் ஏழாம் வகுப்பு. 2025 தீபாவளித் தையல் எல்லாம் முடிந்து, சீட்டுப் பணமும் கைக்கு வந்த சமயம், ஒரு நாள் சாயங்காலம் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க்கா, ஒரு ஓசனை சொல்லோணும். பாப்பாவுக்கு லாப்டாப் எடுக்கோணுமுங்க. கொழுந்தனார் பையன் மேக்குதான் வாங்கோணும்கிறான், மிச்சத்தைத் தவணையில கட்டிக்கலாமாமா. கடையில ஒரு பையன், 'இந்த மாடல் டாஸ் மெஷினுங்க, ரேட்டு கம்மி, விண்டோஸை நாங்களே போட்டுத் தர்றோம்'கிறான். வீட்டுல இருக்கிற பழைய கம்ப்யூட்டரு வேற, இனிமே பாதுகாப்பு இல்லைன்னு எழுதிக் காட்டுது. எனக்கு ஒண்ணும் பிடிபடலீங்க."

"அது கிடக்கட்டும் அம்முணி. இது உன்ற சீட்டுப் பணம். உனக்கு என்ன வேணும்னு யாராச்சும் கேட்டாங்களா?" என்றேன்.

"எனக்கென்னங்க்கா வேணும்? நான் என்ன படிக்கவா போறேன்?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை அப்படியே விட்டு விட எனக்கு மனசு வரவில்லை. ஒரு தாளை எடுத்து நாலு கட்டம் போட்டேன். அம்மா, அப்பா, மகள், மகன். ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று எழுதச் சொன்னேன். மகளுக்குக் காலேஜ் வேலை. மகனுக்குப் பாடமும் கொஞ்சம் விளையாட்டும். அப்பாவுக்குக் கரண்ட் பில்லும் பேங்க்கும். அம்மாவின் கட்டத்தில் மட்டும் பேனா நின்று விட்டது. கொஞ்ச நேரம் யோசித்து, "யாரு யாரு துணி குடுத்தாங்க, எவ்வளவு பாக்கின்னு நோட்டுல எழுதி வெக்கறேனுங்க. போன மழையில ஒழுகி ஒரு நோட்டு நனைஞ்சு போச்சு. ஐநூறும் ஆயிரமுமா நெறய பாக்கி போச்சுங்க்கா" என்றாள்.

பாருங்கள்! வேலை இல்லை என்றவளுக்குத்தான் அவசர வேலை இருந்தது. "எழுது" என்றேன்.

நாலு அடுப்புகளும் நாலு விதம்

இப்போது அந்த நால்வரையும் பார்ப்போம்.

விண்டோஸ்: மைக்ரோசாஃப்ட் கம்பெனியுடையது. 1985 இல் முதல் பதிப்பு வந்தது. நம் ஊர்க் கடைகளில் அதிகம் பார்ப்பது இதுதான். இதன் பெரிய சௌகரியம், ஏறாத பாத்திரம் குறைவு. ஜி.எஸ்.டி. கணக்குக்கு எல்லோரும் வைத்திருக்கிற டேலி விண்டோஸுக்கென்றே செய்தது. மெக்கானிக்கல் பிள்ளைகள் இயந்திர பாகங்களை வரைகிற சாலிட்வொர்க்ஸும் அப்படித்தான். ரிப்பேருக்கு ஆள் தெருவுக்குத் தெரு உண்டு. குறை என்னவென்றால், வைரஸ் தொந்தரவு இதற்குத்தான் அதிகம் வரும். விலை குறைந்த, நினைவகம் குறைந்த மெஷினில் நத்தையாக ஊரும். விண்டோஸ் 11க்கு 4 ஜி.பி. ராம் போதும் என்று கம்பெனி சொன்னாலும், 8க்குக் கீழே வாங்காதீர்கள். வரைபட மென்பொருள் ஓட வேண்டுமானால் 16 இருந்தால் நிம்மதி.

மேக்: ஆப்பிள் கம்பெனியுடையது. 1984 இல் வந்தது. அடுப்பும் சமையலறையும் ஒரே ஆள் கட்டியது மாதிரி. ஆப்பிள் மெஷினில் மட்டும்தான் முறையாக ஓடும். 2020 இல் சொந்தச் சிப்பு போட ஆரம்பித்த பிறகு சூடாவதும் குறைவு, பேட்டரியும் நெடுநேரம் நிற்கிறது. படம் எடுப்பது, வீடியோ வெட்டி ஒட்டுவது, பாட்டுப் பதிவு, புரோகிராம் எழுதுவது இவற்றுக்கெல்லாம் அருமையான பொருள். ஆனால் விலை அதிகம். அந்தச் சிப்பு போட்ட மெஷின்களில் ராமைப் பின்னால் கூட்ட முடியாது. வாங்குகிற அன்றே கணக்காக வாங்க வேண்டும். சாலிட்வொர்க்ஸ், டேலி இரண்டும் இதில் நேரடியாக ஏறாது.

குரோம்புக்: கூகுள் கம்பெனியுடைய இயங்குதளம். 2011 முதல் விற்பனையில் இருக்கிறது. 2023 அக்டோபர் முதல் ஹெச்.பி. குரோம்புக்குகளைச் சென்னைக்குப் பக்கத்திலுள்ள ஒரு தொழிற்சாலையிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். விலை குறைவு, சீக்கிரம் விழித்துக் கொள்ளும், வைரஸ் பயம் குறைவு. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எழுத, படிக்க, ஆன்லைன் வகுப்புப் பார்க்க நன்றாகப் போதும். தாய் தந்தையர் நேரக் கட்டுப்பாடு வைக்கவும் வசதி உண்டு. ஆனால் இன்டர்நெட் இல்லாவிட்டால் பாதி வேலை நின்று போகும். பெரிய மென்பொருள்களை ஏற்ற முடியாது. இன்னொன்று: ஒவ்வொரு குரோம்புக்குக்கும் இத்தனாம் தேதி வரைதான் புதுப்பிப்பு என்று ஒரு காலாவதித் தேதி உண்டு. 2021 முதல் வந்த மாடல்களுக்குப் பத்து வருஷம். அந்தப் பத்து வருஷத்தை நீங்கள் வாங்குகிற தேதியிலிருந்து எண்ணாதீர்கள், மாடல் வெளிவந்த காலத்திலிருந்து எண்ண வேண்டும். பால் பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்க்கிறோமே, அது போலப் பார்த்து வாங்க வேண்டும்.

லினக்ஸ்: இதற்கு முதலாளி என்று ஒரு கம்பெனி கிடையாது. 1991 இல் ஹெல்சிங்கியில் படித்துக் கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் ஆரம்பித்து வைத்தார். உலகம் முழுக்க ஆளுக்கொரு கை போட்டு வளர்த்தார்கள், கோயில் அன்னதானத்துக்கு ஊரே அரிசி கொட்டுகிற மாதிரி. உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்று பல பெயர்களில் கிடைக்கிறது. காசு கிடையாது. பழைய மெஷினிலும் சுறுசுறுப்பாக ஓடும். குறை என்னவென்றால், டேலி, சாலிட்வொர்க்ஸ் மாதிரி விண்டோஸ் பாத்திரங்கள் இதிலும் ஏறாது. சில பிரிண்டர்கள் முரண்டு பிடிக்கும். பழகின ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

தமிழில் எழுத எது நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1999 இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி முறைப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை இன்று நாலிலும் கிடைக்கிறது. அந்த விஷயத்தில் நமக்குக் கவலையே வேண்டாம்.

நம் அரசாங்கமும் அண்டை மாநிலமும்

"லினக்ஸா? அதெல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள் சமாசாரம்" என்று ஒதுக்காதீர்கள். உங்களில் பல பேர் வீட்டிலேயே அது இருந்திருக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லாப்டாப் கொடுக்க ஆரம்பித்ததே, எல்காட் மூலமாக வந்த அந்த மெஷின்களில் இரண்டு அடுப்புகள் வைத்திருந்தார்கள். ஒன்று விண்டோஸ். இன்னொன்று மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸ். இயக்கும் போதே எது வேண்டும் என்று கேட்கும். எங்கள் தெருப் பிள்ளைகளில் பாஸ் பக்கம் போனவர்களை விரல் விட்டு எண்ணி விடலாம். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை, அதுதான் காரணம். இரண்டாவது அடுப்பு பற்ற வைக்காமலே கிடந்தது.

உக்கடத்தில் பஸ் ஏறினால் வாளையாறு தாண்டிப் பாலக்காடு போய் விடலாம். அங்கே கதை வேறு. கேரள அரசுப் பள்ளிகளில் பல வருஷங்களாக லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் பாடம். முன்பு ஐ.டி. அட் ஸ்கூல் என்று இருந்து, 2017 இல் கைட் என்று பெயர் மாறிய அரசு நிறுவனம், உபுண்டுவை வைத்துப் பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸைத் தயார் செய்து கொடுக்கிறது. ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஜியோஜீப்ரா என்ற மென்பொருளில் கணக்குப் போட்டு, வட்டமும் முக்கோணமும் வரைந்து, பிள்ளைகள் சர்வ சாதாரணமாகப் பழகி விட்டார்கள். ஏழை வீட்டுக் குழந்தையும் பள்ளியில் பார்த்த அதே மென்பொருளை ஒரு பைசா கொடுக்காமல் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் போட்டுக் கொள்ளலாம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். பொருள் மட்டும் வந்தால் போதாது. நம் வேலைக்கு அது பொருந்த வேண்டும், பழக்கிக் கொடுக்க ஆளும் வேண்டும். 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு, 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு வருஷத்தில் லாப்டாப் அல்லது டேப்லெட் கொடுப்பதாக அறிவித்தது. ஆகவே, உங்கள் பிள்ளையின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் விசாரித்து விட்டுக் கடைக்குப் போவது புத்திசாலித்தனம்.

ரேட்டு கம்மி என்றால் உஷார்!

கடைப் பையன் சொன்ன அந்த டாஸ் மெஷின் என்ன தெரியுமா? விண்டோஸ் உரிமம் இல்லாமல் விற்கிற லாப்டாப். அப்படி விற்பது தப்பே இல்லை. லினக்ஸ் போட்டுக் கொள்ள நினைப்பவர்களுக்கு அது லாபம் கூட. ஆனால், "விண்டோஸை நாங்களே போட்டுத் தர்றோம்" என்று தனியாகக் காசு வாங்காமல் சொன்னால், பெரும்பாலும் அது திருட்டுப் பிரதி. அதைத் திறப்பதற்கென்று போடுகிற கள்ளச்சாவி மென்பொருளோடு வைரஸும் கூடவே வரலாம். அதே மெஷினில் பேங்க் பாஸ்வேர்டைத் தட்டினால், பீரோ சாவியை வாசலில் தொங்க விட்ட கதைதான்!

பார்த்து வாங்குவதற்கு வழி இருக்கிறது. விண்டோஸ் 11 இல் செட்டிங்ஸைத் திறந்து, சிஸ்டம் என்பதில் ஆக்டிவேஷனைப் பாருங்கள். உரிமம் செல்லுபடியாகிறதா என்று காட்டும். பில்லிலும் விண்டோஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆஃபீஸ் மென்பொருள் இலவசம் என்றால், அது ஆயுள் முழுக்கவா, வருஷா வருஷம் சந்தா கட்ட வேண்டியதா என்றும் கேளுங்கள். சந்தா வேண்டாம் என்றால் லிப்ரே ஆஃபீஸ் இருக்கிறது. கடிதம், கணக்கு எல்லாம் செய்யலாம். காசே கிடையாது, தமிழிலேயே பட்டியல்களைக் காட்டவும் செய்யும்.

சில விலை குறைந்த மெஷின்களில் விண்டோஸ் எஸ் மோட் என்று வரும். அதில் மைக்ரோசாஃப்ட் கடையில் உள்ள மென்பொருளை மட்டும்தான் போட முடியும். அதிலிருந்து செலவில்லாமல் வெளியே வரலாம். வந்த பிறகு திரும்பிப் போக முடியாது. பயப்பட ஒன்றுமில்லை, தெரிந்து கொண்டால் போதும்.

பழசைத் தூக்கிப் போடாதீர்கள்

இனி அந்தப் பழைய கம்ப்யூட்டர் விஷயம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14 உடன் நின்று விட்டது. பதிவு செய்து கொண்ட வீட்டு உபயோகிப்பாளருக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் அறிவித்தார்கள். மெஷின் நாளைக்கே நின்று விடாது. ஓடிக் கொண்டுதான் இருக்கும். ஆனால் கதவில் புதிதாக ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் வராது. பேங்க் வேலைக்கு அது ஆகாது.

சரி, விண்டோஸ் 11க்கு மாற்றலாமே என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பு வேண்டும். இன்டெல் பிராசஸராக இருந்தால், பொதுவாக எட்டாவது தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். 2017க்கு முன்னால் வாங்கின மெஷின்கள் இதில் தேறாது. செகண்ட் ஹேண்டில் லாப்டாப் வாங்குகிறவர்கள் இதை முந்தானையில் முடிந்து வைத்துக் கொள்ளுங்கள். "விண்டோஸ் 11 போட்டிருக்கு" என்று காட்டினாலும் பிராசஸர் எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். தேறாத மெஷினில் குறுக்கு வழியில் போட்டுக் கொடுப்பதும் உண்டு. அதற்குப் புதுப்பிப்பு தொடர்ந்து வரும் என்று கம்பெனி உத்தரவாதம் தராது.

எங்கள் தெருச் சகோதரியின் மெஷின் 2016 இல் வாங்கியது. பழைய இரும்புக் கடைக்குப் போட்டு விடலாம் என்றிருந்தாள். "பொறு அம்முணி" என்றேன். லினக்ஸில் ஒரு அழகான வசதி, வாங்குவதற்கு முன் புடவையைத் தோளில் போட்டுப் பார்ப்பது போல, கம்ப்யூட்டரில் பதிக்காமலே பார்க்கலாம். லினக்ஸ் மின்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே மெஷினை இயக்கலாம். பிடிக்காவிட்டால் பென் டிரைவை உருவி விட்டு மறுபடி இயக்கினால் பழையபடி விண்டோஸ் வந்து விடும். 'இன்ஸ்டால்' என்பதைத் தட்டாத வரை உள்ளே இருப்பது எதுவும் அழியாது.

மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்து பார்த்தாள். வைஃபை வந்தது, சத்தம் வந்தது, தம்பியின் பாட வீடியோ ஓடியது, பிரிண்டரும் நல்ல வேளையாக முரண்டு பிடிக்கவில்லை. அப்புறம்தான் போட்டோக்களையெல்லாம் வேறொரு டிரைவில் நகல் எடுத்து வைத்து விட்டு, நிரந்தரமாகப் பதித்தாள். வருஷக் கணக்காக இழுத்துக் கொண்டிருந்த மெஷின், பத்தியக் கஷாயம் குடித்து எழுந்த மாமியார் மாதிரி நடமாட ஆரம்பித்து விட்டது!

முடிவு என்ன ஆயிற்று?

மகளைக் கல்லூரியில் ஒரு வார்த்தை கேட்டு வரச் சொன்னேன். "நாலு வருஷத்தில் என்னென்ன மென்பொருள் வரும் என்று துறையில் எழுதி வாங்கி வா" என்றேன். இரண்டாம் நாளே வந்து, "சாலிட்வொர்க்ஸ் இருக்குங்க பெரியம்மா. விண்டோஸ்ல 16 ஜி.பி. இருந்தா நல்லதுன்னு சார் சொன்னாருங்க" என்றாள். மேக் பேச்சு அதோடு முடிந்தது. மேக் மட்டமில்லை. அவள் சமையலுக்கு அந்த அடுப்பு ஒத்து வரவில்லை, அவ்வளவுதான். காட்சித் தொடர்பியல் படிக்கிற பெண்ணாக இருந்தால் நானே மேக்கைச் சொல்லியிருப்பேன். பி.காம். என்றால் டேலிக்காக விண்டோஸ். கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றால் விண்டோஸும் லினக்ஸும் ஒரே மெஷினில். பள்ளிக்கூடப் பிள்ளை மட்டும் என்றால் குரோம்புக்கே தாராளம்.

உரிமத்தோடு வந்த ஒரு விண்டோஸ் லாப்டாப்பை வாங்கினார்கள். டாஸ் மெஷினை விட விலை கூடத்தான். ஆனால் சீட்டுப் பணத்துக்குள் அடங்கியது, தவணைக் கடன் இல்லை. பழைய மெஷின் லினக்ஸோடு வீட்டில் நின்றது. பேங்க், கரண்ட் பில், மகன் பாடம் எல்லாம் அதில்தான்.

அம்மாவின் கட்டம்? அந்தப் பழைய மெஷினிலேயே அவளுக்கென்று தனியாக ஒரு பயனர் கணக்கு, அவள் மட்டும் அறிந்த கடவுச்சொல். லிப்ரே ஆஃபீஸில் மகள் ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தாள். பெயர், துணி, அளவு, கூலி, கொடுத்தது, பாக்கி. கூட்டல் அதுவாகவே வரும். முதல் மாசம் ஒரு விரலால் தட்டித் தட்டித்தான் எழுதினாள். மாசக் கடைசியில் பாக்கிப் பத்தியின் அடியில் நின்ற தொகையைப் பார்த்து விட்டு, "இத்தனை நாளா இவ்வளவு காசையா மறந்துட்டு இருந்தேன்!" என்று வாயில் கை வைத்து விட்டாள். வாரா வாரம் அட்டவணையைப் பென் டிரைவில் நகல் எடுத்து, சர்க்கரை டப்பா பக்கத்தில் வைத்திருக்கிறாள். மழை ஒழுகினாலும் இனி அந்தக் கணக்கு நனையாது.

கடைக்குப் போகுமுன்

சகோதரிகளே, கத்தரித்து வைத்துக் கொள்ள வசதியாகச் சுருக்கிச் சொல்கிறேன்.

1. வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம் போட்டு, என்ன வேலை என்று எழுதுங்கள். உங்கள் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.

2. படிக்கிற பிள்ளை இருந்தால், தேவையான மென்பொருள்களின் பட்டியலைக் கல்லூரியிலேயே எழுதி வாங்குங்கள். அந்தப் பட்டியல்தான் இயங்குதளத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

3. இந்த மெஷினுக்கு எந்த வருஷம் வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்று கேளுங்கள். பதில் இல்லாத மெஷின் வேண்டாம்.

4. விண்டோஸ் என்றால் உரிமம் உண்டா என்று பில்லில் பாருங்கள். ஆக்டிவேஷனைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

5. ராமும் சேமிப்பிடமும் பின்னால் கூட்ட முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் இன்றே தேவைக்குத் தகுந்தாற்போல் வாங்குங்கள்.

6. பழைய மெஷினைக் கழிக்குமுன் பென் டிரைவில் லினக்ஸ் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

7. வீட்டில் எத்தனை பேர் தொடுகிறார்களோ, அத்தனை தனிக் கணக்குகள் வைத்துக் கொள்ளுங்கள். குழந்தை விளையாடுகிற கணக்கில் பேங்க் வேலை வேண்டாம்.

"கிரைண்டர் எத்தனை லிட்டர்?" என்று கேட்ட அதே வாயால், "இதுக்கு எத்தனை வருஷம் புதுப்பிப்பு? லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்கள் பையனை விட்டு விட்டு உங்களைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பார். பணம் கொடுக்கிறவள் கேள்வி கேட்பதில் என்ன வெட்கம்?